ஊருக்கு டீச்சர், வார்டுக்கு நர்ஸ்

சேவை செய்யவேண்டும் என்று துடித்துப்போய் நர்ஸ் படிப்பில் சேர்ந்தவள் இல்லை நான். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு மூன்று பாராட்டுக் கூட்டங்களில் அப்படிச் சொல்லவைக்க என்னை மேடையேற்றினார்கள். நானும் மைக் முன்னால் நின்று எதையோ முணுமுணுத்துவிட்டு இறங்கிவந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குக் களை வெட்டப் பிடிக்காது. வெங்காயக் காட்டில் காலையிலிருந்து குனிந்தே கிடந்தால் முதுகு கழன்றுவிடும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப்போட்டேன், மார்க் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெயினிங்குக்கும் எழுதிப்போட்டிருந்தேன். அங்கே கூப்பிட்டார்கள், போனேன். அவ்வளவுதான் என் லட்சியம்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. நர்ஸ் வேலை என்றாலே எங்கள் பக்கம் முகத்தைச் சுளிப்பார்கள். ஆம்பளை உடம்பைத் தொடுகிற வேலை, மலம் அள்ளுகிற வேலை, யார் எவர் என்று பாராமல் எல்லா சாதிக்காரருக்கும் கால் கழுவிவிடுகிற வேலை. இதில் எது பெரிய குற்றம் என்று அவர்களுக்கே தீர்மானம் இல்லாததால் மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள்.

அந்த நேரம் பார்த்து என் அக்காவுக்கு அத்தை மகனைப் பேசி முடித்திருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த அக்காள், அதே ஊரில் மேலத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். தாயில்லாத அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்பதால் எங்கள் வீட்டில் அவள் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. நர்ஸ் என்ற பேச்சு அவள் காதில் விழுந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று அப்பாவுக்குப் பயம்.

"காந்திகிராமத்துப் பக்கம் வாத்தியார் டிரெயினிங்ல சேத்துருக்கோம்னு சொல்லிக்கிருவோம். பெரியவ கல்யாணம் முடியட்டும். பெறகு பக்குவமா எடுத்துச் சொல்லிக்கலாம்" என்றார்.

அம்மா தலையாட்டினாள். அக்கா சிரித்தாள். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

கல்யாணம் முடிந்தது. அந்தப் "பெறகு" மட்டும் வரவே இல்லை. கல்யாணமான கையோடு சொன்னால் ஏமாற்றிவிட்டோம் என்பாள் அத்தை. ஆடி கழியட்டும், தீபாவளி போகட்டும், அக்கா உண்டாகட்டும், வளைகாப்பு ஆகட்டும் என்று அப்பா தள்ளிக்கொண்டே போனார். சொல்லாமல் விட்டது தள்ளத் தள்ளப் பெரிதானது.

லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் டீச்சராக வேண்டும். தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து என் முன்னால் உட்காரவைத்துவிட்டு, "செத்த நேரம் வாய்ப்பாடு சொல்லிக் குடு ஆத்தா, சும்மாதான இருக்க" என்பார்கள். நானும் குச்சியை வைத்துக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவேன். பக்கத்து வீட்டுக் குழந்தை காலில் கொதிக்கிற கஞ்சி கொட்டிக்கொண்டபோது, அதன் தாய் கத்தாழையா மையா என்று ஓட, நான் குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். "டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று ஒரு பெண் கேட்டாள். புத்தகத்தில் படித்தேன் என்றேன். பின்னால் நின்ற அக்கா முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இந்த நாடகத்தில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி அவள்தான்.

ஆஸ்பத்திரியிலும் நான் முழு ஆள் இல்லை. வெள்ளைச் சேலை, வளையல் இல்லாத கை, வெறும் கழுத்து. முதல் வாரம் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கோலத்தில் இருப்பவளை நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரில் வரவிடமாட்டார்கள். என் அப்பா வயதுள்ளவர்கள் படுக்கையிலிருந்து "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். பெட்பேன் தூக்கிய முதல் நாள் சாப்பாடு இறங்கவில்லை. அது ஒரு வாரத்தில் சரியானது. கை எதையும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஊசி போட, கட்டுக் கட்ட, செத்தவரைக் குளிப்பாட்டிக் கண்ணை மூட எல்லாம் கை கற்றுக்கொண்டது. நான்தான் கைக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன்.

பிரசவ வார்டுக்கு என்னைப் போட்டபோது இந்தச் சங்கடம் முற்றிவிட்டது. வலியெடுத்து வருகிற பெண்ணோடு ஒரு மாமியாரோ தாயோ கட்டாயம் வருவாள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலில் கேட்கிற கேள்வி, "ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

இல்லை என்றால், "கன்னிப்பொண்ணு இதையெல்லாம் பாக்கலாமா? வேற ஆள வரச்சொல்லு" என்பாள். கேள்வியிலிருந்து தப்பிக்க ஆமாம் என்று சொன்ன ஒரு நாள், இன்னொருத்தி என் கழுத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மருமகளின் முகத்தைச் சட்டென்று முந்தானையால் மூடினாள். "தாலியறுத்தவ மொகத்துல முழிக்கவா இம்புட்டுத் தொலைவு வந்தோம்?" என்று வார்டே அதிரக் கத்தினாள். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த தட்டை வீசியிருப்பேன். வார்டு சிஸ்டர் வந்து என்னை வெளியே கூட்டிப்போனார்.

அவர் தெற்கே கடற்கரைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். "ஆமான்னும் சொல்லாத, இல்லைன்னும் சொல்லாத. நான் நர்ஸுன்னு சொல்லு. அதுக்கு மேல அவங்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்ல" என்றார்.

சொல்வதற்கு என்ன வலிக்கிறது? ஆனால் வாயில் வராது. ஊரில் இத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தையைத்தான் பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டிருந்தேன். வார்டு வாசலைத் தாண்டியதும் அது சுலபமாக வந்துவிடுமா? "நான்... இங்க படிக்கிறேன்" என்று மழுப்புவேன். அந்தப் பெண்கள் என்னைத் தாண்டி வேறு யாரையாவது தேடுவார்கள்.

அக்காவைக் கொண்டுவந்தது அந்த மாதத்தில்தான்.

முற்பகல் நேரம். நான் பிரசவ அறையில் முகமூடி கட்டிக்கொண்டு டிரேயில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் ஆள்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள்கள் ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். ஒரு பக்கம் என் அம்மா, மறுபக்கம் அத்தை. தலை தொங்கி, உதடு வெடித்து, கண் செருகி வந்த பெண் என் அக்கா என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பா வராந்தா தூணோடு தூணாக நின்றுவிட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். அத்தைக்குத் தெரியவில்லை. முகமூடிக்கு மேலே தெரிகிற கண்ணை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிற நிலையில் அவள் இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நர்சம்மா, தலைப்பிரசவம் தாயி. முந்தாநாள் விடியக்காலம் எடுத்த வலி. எப்பாடு பட்டாவது ரெண்டு உசுரையும் காப்பாத்திக் குடுங்க."

எதிரில் உட்கார எனக்கு அனுமதி இல்லாத அத்தை, என்னைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். என் குரலைக் கேட்டால் தெரிந்துபோகுமே என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா அந்த நிலையில் கிடக்கும்போது முதலில் வந்த நினைப்பு அது. பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

கட்டிலில் படுக்கவைத்ததும் அக்கா கண்ணைத் திறந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். அவளுக்கு முகமூடியெல்லாம் தடையில்லை. வழக்கமாக அவள் என்னைக் கூப்பிடுவது "ஏடி" என்றுதான். அன்று, வாசலில் அத்தை நிற்பதைப் பார்த்துவிட்டு, வலிக்கு நடுவிலும் வார்த்தையைத் தேடி எடுத்தாள்.

"நர்சம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க."

"பயப்படாதீங்கம்மா. டாக்டரம்மா வந்துருவாங்க" என்றேன் நான்.

பஞ்சில் தண்ணீரை நனைத்து அவள் உதட்டில் வைத்தேன். அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அன்று முழுவதும் நாங்கள் இருவரும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். காலை மடக்குங்கம்மா, மூச்சை இழுத்து விடுங்கம்மா, முக்காதீங்கம்மா. வலி உச்சத்துக்குப் போகும்போது அவள் அம்மாவைக் கூப்பிட்டாள், அய்யனாரைக் கூப்பிட்டாள், அத்தையைக்கூடக் கூப்பிட்டாள். ஒரு தடவைகூட "ஏடி" என்று கூப்பிடவில்லை. எப்படித்தான் அடக்கினாளோ தெரியாது. எனக்கானால் அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. ஆனால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கக் காதை வயிற்றில் வைத்தபோது கை நடுங்கவில்லை. துடிப்பு சரியாக இல்லை. ஓடும், நிற்கும், தட்டுத்தடுமாறி மறுபடி ஓடும். பனிக்குடம் உடைந்து நேரமாகித் தண்ணீர் பச்சையாக வந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா வந்து ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார். ஆண் பிள்ளை. நீலம் பாய்ந்து, துவண்டு, சத்தமில்லாமல் வந்தான். அக்காவுக்கு ரத்தம் கொட்டத் தொடங்கியது. டாக்டரம்மாவும் வார்டு சிஸ்டரும் அவளைப் பார்க்கவேண்டியிருந்தது. வார்டு சிஸ்டர் குழந்தையைத் துணியோடு என் கையில் கொடுத்தார். "நீ பாரு" என்றார்.

தொண்டையில் அடைத்திருந்த சளியை ரப்பர்க் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு வாயோடு வாய் வைத்து மெல்ல ஊத வேண்டும். முகமூடியைக் கட்டிக்கொண்டு இரண்டையும் செய்ய முடியாது. நான் அதைக் கழுத்துக்கு இறக்கினேன். அத்தை திரைச்சீலை இடுக்கில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். யோசித்து இறக்கினேன் என்று சொன்னால் அது பொய். அந்த நேரத்தில் அது யோசிக்கிற விஷயமாகவே இல்லை.

உறிஞ்சினேன், ஊதினேன், காலைச் சுண்டினேன், முதுகைத் தேய்த்தேன். அந்த நாளில் செய்கிற வழக்கப்படி சுடுதண்ணீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினேன். பிள்ளை ஒரு தடவை வாயைத் திறந்தான். மறுபடி ஒரு தடவை. என் உள்ளங்கையில் அவன் நெஞ்சு விம்மியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகும் நான் ஊதிக்கொண்டே இருந்தேன். வார்டு சிஸ்டர் வந்து என் தோளில் கை வைத்து, "போதும்மா" என்றார்.

திரை விலகியது. அத்தை உள்ளே வந்துவிட்டாள். பிள்ளையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆத்தி... நீயா?"

நான் பிள்ளையைத் துணியால் மூடினேன்.

"வாத்தியார் டிரெயினிங்குன்னீகளே! இந்த வேலையா பாத்துக்கிட்டுத் திரியிற? கன்னிகழியாத கையி, வெறுங் கையி, வெள்ளச் சேல... ஒங்கையிலயா எம்பேரன் உசுரு வந்து விழுகணும்!" வயிற்றில் அடித்துக்கொண்டாள். "ஒங் கை பட்டுப் போச்சேடி! ஒங் கை பட்டுப் போச்சே!"

வராந்தா முழுவதும் கேட்டிருக்கும். அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளையைக் குளிப்பாட்டித் துணி சுற்றுவது என் வேலைதான். செய்தேன். கொண்டுபோய் உரியவரிடம் கொடுப்பதும் என் வேலைதான். அக்காவின் புருஷன் வெளியூர் போயிருந்ததால் வாங்கிக்கொள்ள அப்பாதான் இருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையிலும் விரித்து நீட்டினார். நான் வைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவமானம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை சொன்னதை நான் நம்பினேனா? நோய் எப்படி வருகிறது, பிள்ளை எதனால் இறக்கிறது என்று படித்தவள்தான். டாக்டரம்மாவும் என்னிடம் சொன்னார், நேரத்தோடு வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று. ஆனால் ஹாஸ்டலில் சோற்றைப் பிசையும்போது என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெங்காயக் காட்டில் வளர்ந்த பெண் ஒருத்தி எனக்குள் இன்னும் இருந்தாள். அவளுக்கு அத்தை சொன்னதுதான் சரியாகப் பட்டது. அவளை அடக்கக் கூடிய நர்ஸ் அதுவரை எனக்குள் வரவில்லை. வேறு வார்டு கேட்டுப் போய்விடலாமா என்று நினைத்தேன். படிப்பை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். வார்டு சிஸ்டர் என்னை எங்கும் மாற்றவில்லை. அக்கா படுத்திருந்த வரிசையையே எனக்குக் கொடுத்தார். அதற்காக அவர்மேல் அப்போது எனக்கு ஆத்திரம்.

அக்காவுக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லாத மார் கல்லாகிவிட்டது, காய்ச்சல் வேறு. அகலத் துணியால் நெஞ்சை இறுக்கிக் கட்டுவது ஆஸ்பத்திரி முறை. அம்மா ஓர் இலைப் பொட்டலத்தில் மல்லிகைப் பூ வாங்கிவந்தாள், காலையில் நிலக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த பூ. மாரில் மல்லிகையை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். வார்டில் பூ ஆகாது. வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். "உள்ள பூவை வை, மேல நம்ம கட்டைக் கட்டு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கெடுக்காது" என்றார்.

திரையை இழுத்துவிட்டு நான் கட்டினேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். நாங்கள் தனியாக இருந்தது அப்போதுதான்.

"ஒங் கையில்லடி" என்றாள் திடீரென்று.

நான் நிமிர்ந்தேன்.

"மொத நாளே அத்தை சொல்லிருச்சு, ஆசுபத்திரிக்குப் போயிருவோம், மருத்துவச்சியால முடியாதுன்னு. அப்பாதான் செத்த பொறு, செத்த பொறுன்னாரு. மக்கா நாளும் அதான் சொன்னாரு. நான் வலியில கெடக்கேன்னு நெனச்சு அம்மாகிட்ட மெதுவாச் சொன்னாரு, 'அங்க போனா சின்னவளப் பாத்துருவாகளே'ன்னு. எனக்குக் காது கேட்டுச்சுடி."

என் கை பூவில் நின்றுவிட்டது. முதலில் எனக்கு வந்தது துக்கமில்லை, ஒரு கேவலமான நிம்மதி. என் கை இல்லை. பிறகு அந்த நிம்மதியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மற்றது வந்தது. என்னை மறைக்கத்தான் அவளைக் கிடத்திப் போட்டிருக்கிறார்கள். ஊருக்குத் தெரியக் கூடாத ஒருத்தியாக நான் இருந்ததால். திண்டுக்கல்லைத் தவிர வேறு ஊரில் ஆஸ்பத்திரியே இல்லாததுபோல, வேறு வழியே தெரியாததுபோல, அப்பா அந்தக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்திருக்கிறார். அக்கா கல்யாணத்துக்காகச் சொன்ன பொய் அக்கா பிள்ளையிடம் வந்து முடிந்திருக்கிறது.

"வரட்டும் அவரு" என்றேன்.

"கேப்பியா?" என்றாள் அக்கா. அவள் குரலில் ஆசை இருந்தது. "எல்லாரு முன்னாடியும் கேப்பியாடி?"

"கேக்குறேன்."

அடுத்த நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், அப்பா வந்தார். பின்னாலேயே அத்தையும் வந்தாள். அப்பா சவரம் செய்யவில்லை. கட்டிலுக்கு அருகே வராமல் கால்மாட்டிலேயே நின்றார். நான் அக்காவின் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்டியக் கட்டு. நாளைக் காலையில போவோம்" என்றார் என்னிடம். "ஊரு பூராம் பேச்சாப் போச்சு. இனி இந்தப் பொழப்பு வேணாம்."

"நான் வரலப்பா."

"எங்க பேச்சுக்கு மறுபேச்சா?" என்றாள் அத்தை. "நீ பண்ணுன காரியத்துக்கு..."

"என்ன பண்ணுனேன் அத்தை? பிள்ளை வரும்போதே முடியாமத்தான் வந்துச்சு. ஏன் அப்படி வந்துச்சுன்னு கேளுங்க."

அக்கா தலையணையில் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தாள். அத்தை அப்பா பக்கம் திரும்பினாள்.

"நாந்தான் தொண்ட கிழியக் கத்துனேனே தம்பி, மொத நாளே கெளம்புவோம்னு. நீதான் பொறு பொறுன்ன. ஆமா, எதுக்குப் பொறுன்ன?"

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அழுது அழுது களைத்துப்போன ஒரு மனுஷி, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிள்ளையை வாங்கிப் போன நாளுக்குப் பிறகு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அன்று நான் அவமானம் என்று நினைத்தது அவமானம் இல்லை. பிள்ளை போனது தன்னால்தான் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, கன்னம் ஒட்டிவிட்டது. நான் அவரை என் அப்பா என்று பார்க்காமல் கட்டிலோரம் நிற்கிற ஓர் ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்க்க எப்போது கற்றுக்கொண்டேன் என்று தெரியவில்லை. இந்த ஆள் இன்னும் ஒரு வார்த்தை தாங்கமாட்டார் என்று மட்டும் தெரிந்தது.

அந்த நேரத்தில் என் வாயில் வந்தது, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் வார்டு சிஸ்டர் சொல்கிற வார்த்தை. குரல்கூட அவருடைய குரல்தான்.

"மொத நாளே வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது அத்தை. பிள்ளை வயித்துலயே அப்படித்தான் இருந்துருக்கு. யாரு மேலயும் தப்பு இல்ல."

"நெசமாவா?" என்றாள் அத்தை.

"நான் நர்ஸ் சொல்றேன். நெசந்தான்."

வந்துவிட்டது அந்த வார்த்தை. ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என் கையைப் பழித்த அதே மனுஷி என் வாய்ச்சொல்லை மறு கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டாள். "அவன் குடுத்து வச்சது அம்புட்டுத்தான்" என்று முனகிக்கொண்டு அக்காவின் காலைத் தொட்டு நீவினாள்.

அப்பா துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேன்த்தா" என்று என்னிடம் சொன்னார். பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகும் என்றைக்கும் பேசவில்லை. என் வீட்டில் எனக்கு நர்ஸாக இருக்க அனுமதி கிடைத்தது அந்த விதத்தில்தான்.

நான் சொன்னது சரியா தப்பா என்று இத்தனை வருஷமும் யோசித்திருக்கிறேன். அப்பாவைக் காப்பாற்றியது, அக்காவின் குடும்பம் உடையாமல் காத்தது, அத்தைக்கும் ஆறுதல். என் கையின்மேல் இருந்த பழியும் அதே வார்த்தையில் கழுவிப்போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் அது நல்லது செய்தது, ஒருத்தியைத் தவிர.

அவர்கள் போன பிறகு திரையை இழுத்துவிட்டுக் கட்டை மாற்ற உட்கார்ந்தேன். அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"கேப்பேன்னு சொன்ன" என்றாள்.

"அக்கா..."

"அப்பாவுக்கு மருந்து போட்டுட்ட. அத்தைக்கும் போட்டுட்ட." சுவரை விரலால் கீறினாள். "நல்ல நர்சுதாண்டி நீ."

பாலில் நனைந்து கருத்துப்போன பூவை எடுத்துப் போட்டேன். ஈரத்துணியை அவிழ்த்து, மாரைத் துடைத்து, புதுத் துணியை நெஞ்சைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். வலிக்கிறதா என்று கேட்டேன்.

வலிக்கவில்லை என்றாள். அந்தக் கட்டு வலிக்காமல் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.